மூணாவது சிலிண்டரில் ஒரு எலுமிச்சை விதை

மெக்கானிக் பயந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பில்லைப் பார்த்து நாம் பயப்படுவோமே, அதைச் சொல்லவில்லை. அது தினமும் நடப்பது. இருபது வருடமாக இன்ஜினுக்குள் கையை விட்டுப் பிழைக்கிற ஒரு மனிதர், பட்டப்பகலில், தன் சொந்த ஷெட்டில், ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். அதைச் சொல்கிறேன்.

"சார்… நீங்களே எட்டிப் பாருங்க. இனிமே நான் தொடமாட்டேன்" என்றார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடந்தது இது. இருங்கள், முதலில் இருந்து சொல்கிறேன்.

அவர் பெயர் எபினேசர். ஊருக்கு எபி. மாமல்லபுரத்தில் ஈ.சி.ஆர். ஓரமாக ஒரு தகர ஷெட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். என் காரைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பதினாறு வயதுப் பெட்ரோல் கார். அதன் ஹாரன், மூடாத கதவு, மூச்சு விடாத ஏ.சி. என்று பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். கிண்டல் என் இப்போதைய தொழில். அதற்கு முன்னால் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுத்தேன். இரண்டும் சேர்ந்தால் எப்படிப்பட்ட ஆள் வருவான்? பேய், பிசாசு, திருஷ்டி, சகுனம் — ஒன்றையும் நான் விட்டுவைத்ததில்லை.

போன வருடம் எலுமிச்சம்பழத்தைப் பற்றி எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? புது வண்டியின் டயருக்கு அடியில் பழத்தை வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்புகிறார்களே, அந்தப் பழத்துக்கு யார் திருஷ்டி கழிப்பது என்று கேட்டிருந்தேன். நிறையப் பேர் ரசித்தீர்கள். என் மகள் நித்யா அதை அவளுடைய ஆபீஸ் குரூப் முழுக்க அனுப்பினாள், சிரிப்பு பொம்மைகளோடு.

நித்யா எங்களுக்கு ஒரே பெண். சாஃப்ட்வேர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறாள். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. அதனால் பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருந்தாள். இது இரண்டாவது பிரசவம், முதல் தடவையும் எங்களிடம்தான் இருந்தாள். முதல் குழந்தை, இரண்டு வருடத்துக்கு முன்னால், ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. நானும் எழுதியதில்லை.

இந்தத் தடவை குழந்தை நல்லபடியாக வந்து சேர வேண்டும். எங்கள் மூன்று பேருக்கும் அதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

அவளுடைய டாக்டர் இருப்பது செங்கல்பட்டில். சனிக்கிழமை தோறும் செக்-அப். என் மனைவி வசந்தா பின்சீட்டில், நித்யா முன்சீட்டில், நான் டிரைவர். வலி எடுத்தாலும் இதே கார்தான், இதே ரோடுதான். டாக்ஸி சொல்லிக்கொள்ளலாமே என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். வாசலில் கார் நிற்கும்போது எதற்கு என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

முதல் தடவை நடந்தது, ராத்திரியெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில். திருக்கழுக்குன்றம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோடு ஒரு ஏரிக்கரை மேல் ஏறித் திரும்பும். ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் பள்ளத்தில் வயல். கடை கிடையாது, வீடு கிடையாது. அந்த ஏற்றத்தில் கார் திடீரென்று உதறியது. டக்… டக்… டக். உள்ளே இருந்து யாரோ தட்டுவது போல இருந்தது. மேலே ஏறித் திரும்பியதும் சரியாகிவிட்டது.

இதை மெக்கானிக்குகள் மிஸ்ஸிங் என்பார்கள். இன்ஜினில் நாலு சிலிண்டர். நாலும் முறை வைத்துப் பொறி வாங்கி எரிந்தால் கார் ஒழுங்காக ஓடும். ஒன்றுக்குப் பொறி தப்பினால் மற்ற மூன்றும் அதையும் சேர்த்துச் சுமக்கும். கார் விக்கும், இழுக்காது, மொத்தமாக நின்றும் போகும்.

"யாரோ லிஃப்ட் கேட்டு ஏறிட்டாங்க போல" என்றேன் நான்.

"வாய மூடிகினு ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள் வசந்தா.

நித்யா சிரித்தாள். கொஞ்சம் லேட்டாகத்தான் சிரித்தாள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, அதே ஏற்றத்தில் அதே உதறல். திங்கட்கிழமை காரை எபியிடம் கொண்டுபோனேன். அவரே ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏரிக்கரை ஏற்றத்தில் ஒரு தடவை அல்ல, நாலு தடவை ஏறி இறங்கினோம்.

"இன்னா சார் பேஜார் பண்றீங்க? வண்டி வெண்ண மாரி போய்கினு கீது" என்றார்.

வெண்ணெய் மாதிரிதான் போனது. எதற்கும் இருக்கட்டும் என்று பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார், இன்ஜெக்டரைக் கழுவினார். "பிளக்கு போன தீவாளிக்குத்தான மாத்துனோம், அது நல்லாத்தான் இருக்கும்" என்று அதை மட்டும் தொடவில்லை. புதன்கிழமை வசந்தாவை உட்காரவைத்து அதே வழியில் போய்வந்தேன். ஒரு சின்ன உதறல்கூட இல்லை.

சனிக்கிழமை நித்யா ஏறினாள். ஏற்றம் வந்தது. டக்… டக்… டக்.

அன்றைக்குச் சாயங்காலம் வசந்தா சமையலறையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"ஒண்ணு கவனிச்சீங்களா? அவ வண்டியில ஏறினாத்தான் இப்டி ஆவுது."

"தற்செயல்" என்றேன்.

"தற்செயலு, வாரா வாரம் சொல்லி வெச்சா மாரி வருமா?"

முப்பது வருடம் பாடம் எடுத்த வாய். காபி இருக்கா என்று கேட்டுப் பேச்சை மாற்றியது.

அதற்குப் பிறகுதான் நான் நித்யாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். திருக்கழுக்குன்றம் வரைக்கும் நன்றாகப் பேசிக்கொண்டு வருவாள். ஊர் தாண்டியதும் பேச்சு நின்றுவிடும். ஏரிக்கரை கண்ணில் படுவதற்கு முன்பே அவளுடைய இரண்டு கைகளும் வயிற்றுக்குப் போய்விடும். உதடு அசையும், சத்தம் வராது. அதற்குப் பிறகுதான் இன்ஜின் உதறும்.

யோசித்துப் பாருங்கள். முதலில் கை. அப்புறம் இன்ஜின். ஏ.சி. ஓடாத காரில் எனக்குக் குளிர்ந்தது.

நாலாவது சனிக்கிழமை கார் ஏற்றத்தின் நடுவில் நின்றேவிட்டது. பத்து மணி வெயில். முன்னால் வண்டி இல்லை, பின்னால் வண்டி இல்லை. ஏரித் தண்ணீர் ஆடாமல் கிடந்தது. சாவியைத் திருப்பினேன், பிடிக்கவில்லை. நித்யா ஏரிப் பக்கமே திரும்பாமல், கண்ணாடிக்கு முன்னால் நேராகப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்கப்பா. சீக்கிரம். இங்க நிக்கக் கூடாது."

"ஏம்மா?"

"ஸ்டார்ட் பண்ணுங்கப்பா!"

அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை. மூன்றாவது தடவை இன்ஜின் பிடித்துக்கொண்டது. செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தோம். குழந்தை நன்றாக இருக்கிறது, இன்னும் மூன்று வாரம் என்றார் டாக்டர். திரும்பி வந்து அவர்களை வீட்டில் இறக்கிவிட்ட கையோடு காரை எபியிடம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, "மூணாவது சிலிண்டரு" என்றார் எபி. பானட்டைத் தூக்கினார். மூணாவது பிளக்கின் மூடியைக் கழற்றினார். பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் டார்ச் அடித்தார்.

"தண்ணி நிக்குது சார். பாத்தீங்களா, ஓரமெல்லாம் வெள்ளையா பூத்துகினு கீது. கடக்கரை ஊரு. உப்புக் காத்து ஒரு வண்டிய வுடாது."

விரலை விட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"கடக்காத்துல மஞ்சா வருமா சார்?"

விரல் நுனி மஞ்சளாக இருந்தது. நீள மூக்கு கட்டிங் பிளேயரை விட்டு எதையோ நெம்பி எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அப்போதுதான் இன்னொரு கையில் இருந்த ஸ்பேனர் விழுந்தது. அவர் கையில் இருந்தது ஒரு எலுமிச்சை விதை.

"யாரோ வெச்சிட்டாங்க சார். செய்வின" என்றார். "நான் ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்குப் போறவன். இதெல்லாம் நம்பக் கூடாது. ஆனா இன்ஜினுக்குள்ள எலுமிச்சங்கொட்ட எப்டி சார் வரும்? அதுவும் புள்ளத்தாச்சிப் பொண்ணு போற வண்டியில…"

அன்றைக்கு அந்தக் குழியைத் துணி விட்டுத் துடைத்தவன் நான்தான். துணியைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையை இரண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவினேன் ஐயா, ஒத்துக்கொள்கிறேன்.

வீடு வரைக்கும் ஒரே கணக்குதான் மண்டைக்குள் ஓடியது. பானட்டைத் திறக்கும் லீவர் காருக்குள் இருக்கிறது. கார் பூட்டியிருக்கிறது. சாவி ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. வெளி ஆள் எப்படித் திறப்பான்? ஆக, வீட்டு ஆள். வீட்டில் இருப்பது மூன்று பேர்.

வசந்தாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். சாமி கும்பிடுகிறவள் அவள்தானே?

"அய்யோ, அந்த மூடிய எப்டித் தொறக்கறதுன்னே எனக்குத் தெரியாதுங்க!" என்றாள். உண்மைதான், தெரியாது. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "அப்போ… யாருங்க?" என்றாள்.

நித்யாவைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. நிறைமாதக்காரியிடம் இதைப் போய்ச் சொல்வதா? தவிர, அவள் என் மகள். நக்கலில் என்னையே தூக்கிச் சாப்பிடுகிறவள்.

பயம் ஒரு பக்கம் இருந்தாலும் வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? சனிக்கிழமை குழிக்குள் ஈரம் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் இன்ஜின் சூட்டில் காய்ந்துவிடுகிறது. அதனால்தான் எபி ஓட்டும்போதும் வசந்தா ஏறும்போதும் மிஸ்ஸிங் இல்லை. அப்படியென்றால் ஊற்றுவது என்றைக்கு? வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை வசந்தா கோயிலுக்குப் போனாள். நான் லைப்ரரிக்குப் போகிறேன் என்று நித்யாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பி, தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்தேன். பதினோரு மணிக்குத் திரும்பி நடந்தேன். எங்கள் தெருவில் எந்நேரமும் சிற்பக்கூடத்து உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த நேரம் பார்த்து அதுவும் நின்றிருந்தது, அவர்களும் டீ குடிக்கப் போயிருப்பார்கள். கேட்டைச் சத்தமில்லாமல் திறந்தேன்.

காரின் பானட் தூக்கியிருந்தது.

அதற்குப் பின்னால் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மந்திரம் இல்லை. கொஞ்சல். தூங்க அடம்பிடிக்கிற குழந்தையைச் சமாதானம் செய்கிற குரல்.

"நாளைக்கு மட்டும் கூப்புடாத கண்ணு. நாளைக்கு ஒரு நாளு. பாப்பாவ எடுத்துகினு போய்ட்டு வந்துடறேன். அதப் பயமுறுத்தாத. நீ சமத்து இல்ல?"

பதில் வருகிறதா என்று காது தானாகக் கேட்டது. பிசிக்ஸ் வாத்தியாரின் காது! பானட்டுக்குக் கீழே, பம்பர் ஓரமாக, இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன. வீங்கிய கால்கள். அந்த வீக்கத்தை எனக்குத் தெரியும். தினம் சாயங்காலம் வெந்நீர் வைத்துக் கொடுப்பவன் நான்தானே.

"நித்யா."

சொம்பு விழுந்து உருண்டது. மஞ்சளும் கல்லுப்பும் கரைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீர் சிமெண்ட் தரையில் ஓடியது.

அவள் அழவில்லை. மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்து சொன்னாள்.

"அங்கதாம்பா… அந்த ஏரிக்கரை மேலதான். ரெண்டு வருஷம் முன்னாடி செக்-அப்புக்குப் போய்கினு இருந்தோமே, வண்டி மேல ஏறும்போது ஒரு தடவை உதச்சுது. அதுதான் கடைசி. அப்புறம் அசையவே இல்ல. செங்கல்பட்டு போற வரைக்கும் தூங்குதுன்னு நெனச்சிகினு இருந்தேன். எந்த எடம்னு நான் யார்கிட்டயும் சொல்லலப்பா. அம்மாகிட்ட கூட."

நான் உருண்ட சொம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

"இப்ப வண்டி கரெக்டா அங்கயே உதறுது. நீங்க வேற, யாரோ ஏறிட்டாங்கன்னு சொன்னீங்க. நானும் சிரிச்சேன். யாரு ஏறினதுன்னு எனக்குத் தெரியும்பா."

யூடியூபில் யாரோ ஒரு அம்மா சொன்னாராம், வண்டியில் எதுவாவது தங்கியிருந்தால் உப்பும் மஞ்சளும் கரைத்து எலுமிச்சை பிழிந்து ஊற்றினால் அமைதியாகும் என்று. லீவர் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். காலேஜ் படிக்கும்போது நானே சொல்லிக் கொடுத்ததுதான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"

"சொன்னா எழுதிடுவீங்களேப்பா."

எரிச்சலாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் வரும் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். என் நெஞ்சில் யாரோ உதைத்தது போல இருந்தது.

சாயங்காலம் எபியை வீட்டுக்கே வரவழைத்தேன். விஷயம் தெரிந்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அட, உப்புத் தண்ணியா! நல்ல தண்ணியே பிளக்குக்கு ஆவாது, உப்புத் தண்ணி கரண்ட மொத்தமா வெளிய இழுத்துடும் சார். இந்தா பாருங்க, மூணாவது பிளக்கு மூடில ரப்பர் கிழிஞ்சி கீது. அன்னிக்கி மொத தபா மழத் தண்ணி இது வழியா எறங்கிருக்கும். அப்புறம் அவங்க ஊத்துன தண்ணியும் கொட்டையும் இது வழியாத்தான்."

"சரிப்பா, ஏன் அந்த ஏற்றத்தில மட்டும்?"

"ஏத்தத்துல லோடு ஜாஸ்தி சார். வீக்கா கீற பொறி அங்கதான் கால வாரும்."

ஆக, நடந்தது இவ்வளவுதான். ஒரு தடவை மழைத் தண்ணீரால் கார் உதறியது. அதற்குப் பயந்து அவள் உப்புத் தண்ணீர் ஊற்றினாள். அதனால் இன்னும் உதறியது. இன்னும் பயந்து இன்னும் ஊற்றினாள். மருந்தே நோயைக் கொடுத்துக்கொண்டிருந்தது. எபி நாலு பிளக்கையும் ஒயர்களையும் ரப்பர் மூடிகளையும் புதிதாகப் போட்டார். பழைய குழியைச் சுத்தமாகக் காற்றடித்துத் துடைத்தார், இந்தத் தடவை பயமில்லாமல்.

எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. ஒன்றே ஒன்றுக்குக் கிடைக்கவில்லை. கார் அந்த ஏற்றத்தில் உதறியதற்கு லோடு காரணம். குழந்தையும் அதே ஏற்றத்தில் அடங்கியதற்கு? எபியிடம் நான் அதைக் கேட்கவில்லை. என்னையே கேட்டுக்கொள்ளவும் தைரியம் வரவில்லை.

இன்னொரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஊரெல்லாம் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிவிட்டுப் போகிறது. எந்த வண்டிக்காவது ஏதாவது ஆகிறதா? ஒன்றும் ஆவதில்லை. என் மகள் மட்டும் ஏன் பானட்டைத் திறந்தாள்? நசுங்கிய பழத்தை நான் பார்த்துவிடுவேனே! வாசலில் செய்ய வேண்டியதை இன்ஜினுக்குள் ஒளித்துச் செய்திருக்கிறாள். தண்ணீரை ஊற்றியது அவள் கை. அந்தப் பானட்டைத் திறக்க வைத்தது என் எழுத்து.

அந்தச் சனிக்கிழமை செக்-அப்புக்கு டாக்ஸி வைத்து வேறு வழியாகச் சுற்றிப் போய்வந்தோம். டாக்டர் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்பே, ஒரு புதன்கிழமை பிற்பகலில் வலி எடுத்தது. காரை வெளியே எடுத்தேன். வேறு வழியாகச் சுற்றிப் போகலாமா என்று கேட்டேன்.

"வேணாம்பா. அதே வழியில போங்க" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

திருக்கழுக்குன்றம் தாண்டியது. ஏரிக்கரை தெரிந்தது. பின்சீட்டில் மகளின் கையைப் பிடித்திருந்த வசந்தா சாமி பெயரை முணுமுணுப்பதை நிறுத்தினாள். புது பிளக், புது ஒயர், புது ரப்பர் — இன்ஜின் உதற எந்தக் காரணமும் இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது.

"கண்ணு… தாத்தாடா. வழி விடுடா கண்ணு. பாப்பா வரட்டும்."

சத்தமாகவே சொல்லிவிட்டேன். காரில் யாரும் சிரிக்கவில்லை. கார் ஏறியது, திரும்பியது, இறங்கியது. ஒரு உதறல் இல்லை. பின்னால் இருந்து நித்யாவின் குரல் வந்தது.

"தாண்டிட்டோம்பா."

அதற்கப்புறம் ரோடு எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் ஓட்டினேன்.

ராத்திரி எட்டு மணிக்குப் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு அழுகை. இன்றைக்கு அவளுக்கு நாற்பது நாள். இந்தப் பத்தியை எழுதலாமா என்று போன வாரம் நித்யாவிடம் கேட்டேன். இத்தனை வருடத்தில் வீட்டில் நான் அனுமதி கேட்டது இதுதான் முதல் தடவை. குழந்தையைத் தட்டிக்கொண்டே யோசித்தாள்.

"எழுதுங்கப்பா. ஆனா யாரும் சிரிக்கிற மாதிரி எழுதாதீங்க."

முயற்சி செய்திருக்கிறேன்.